உறுப்பு மாற்று அறுவையும் ரத்தம் உறைதலும்: கோலாலம்பூர்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

நான் கோலாலம்பூரில் மருந்தாளராக இருக்கிறேன். உறுப்பு மாற்றுக்குக் காத்திருப்பவர்களும் செய்துகொண்டவர்களும் என் கவுன்ட்டருக்கு வருகிறார்கள். டாக்டர் அறையில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து என்னிடம் தமிழில் கேட்பவைதான் இந்தக் கேள்விகள். சிறுநீரகமும் கல்லீரலும் பற்றித்தான் அதிகம் இருக்கும், இருதயம் பற்றிக் கொஞ்சம். மருந்தின் அளவும் நிறுத்தும் நாளும் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். இங்கே படித்ததும் உங்கள் டாக்டர் சொன்னதும் வேறுபட்டால் டாக்டர் சொன்னபடியே செய்யுங்கள்.

ஆபரேஷன் என்றால் ரத்தம் போய்விடுமோ என்றுதான் எங்களுக்குப் பயம். டாக்டர் ஏன் ரத்தம் உறைந்துவிடும் என்கிறார்?

இரண்டும் நடக்கும். ஒரே ஆளுக்கு, சில சமயம் ஒரே நாளில் நடக்கும். உறுப்பைப் பொருத்துவது என்றால் ஒரு ரத்தக் குழாயை இன்னொன்றோடு தைப்பது. தைத்த இடத்தில் குழாயின் உட்சுவர் காயப்பட்டிருக்கும். காயம் பட்ட இடத்தில் உறைவது ரத்தத்தின் இயல்பு. தையல் வழியே கசியாமல் இருக்க அந்த உறைவு கொஞ்சம் தேவை. அதே உறைவு குழாய்க்குள் வளர்ந்து வழியை அடைத்தால் புது உறுப்புக்கு ரத்தமே போகாது.

"அப்படியானால் உறையாமல் இருக்க நிறைய மருந்து போட்டுவிட வேண்டியதுதானே" என்று கேட்கிறார்கள். போட்டால் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து தேங்கும், மறுபடி திறக்க வேண்டிவரும். அதனால் எவ்வளவு, எப்போது என்பதை நோயாளியைப் பார்த்துப் பார்த்து முடிவு செய்கிறார்கள். காலையில் ஊசி வேண்டாம் என்ற டாக்டர் மாலையில் போடச் சொன்னால் குழப்பத்தில் இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். நிலைமை மாறியிருக்கும், அவ்வளவுதான்.

அப்பாவுக்குக் கல்லீரல் சுருங்கிவிட்டது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் 2.3 என்கிறார்கள். ரத்தம் நீர்க்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இருக்கும் அளவு. அப்படியானால் அவருக்கு ரத்தக்கட்டி வராதுதானே?

வரும். இப்படி நம்பியவர்களில் ஒரு காலத்தில் மருத்துவர்களும் உண்டு.

ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் பெரும்பாலானவற்றைக் கல்லீரல்தான் செய்கிறது. உறைவைத் தடுக்கும் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவையும் பெரும்பாலும் அங்கேதான் தயாராகின்றன. கல்லீரல் கெட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்குகிறது. ஐ.என்.ஆர். சோதனைக்குத் தெரிவது உறைய வைக்கும் பக்கம் மட்டும்தான். தடுக்கும் பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அது சொல்லாது. வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்காக உண்டான அளவுகோல் அது.

இன்னொன்றும் உண்டு. மண்ணீரல் பெருத்து, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அவற்றின் எண்ணிக்கை குறைந்திருக்கும். அதற்கு ஈடுகட்டுவதுபோல, தட்டணுக்களைக் காயத்தில் ஒட்டவைக்கும் வான் வில்லிபிரான்ட் காரணி இவர்களுக்கு அதிகமாக இருக்கும். ஆக, உங்கள் அப்பாவின் ரத்தம் ஒரு சமநிலையில்தான் இருக்கிறது, ஆனால் மெல்லிய சமநிலை. ஒரு கிருமித்தொற்று, ஒரு நாள் வயிற்றுப்போக்கு போதும், எந்தப் பக்கமும் சாயலாம். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் ஓட்டம் மந்தமாகி, காத்திருக்கும் காலத்திலேயே கட்டி உண்டாவது அபூர்வமில்லை. அது பெரிதாகிக் குழாயை முழுவதும் அடைத்துவிட்டால் மாற்று அறுவையே கடினமாகிவிடும். அதனால்தான் ஐ.என்.ஆர். 2.3 இருப்பவருக்கும் ரத்தம் நீர்க்கும் ஊசி எழுதுகிறார்கள். எழுத்துப் பிழை என்று நினைத்துச் சில பிள்ளைகள் கவுன்ட்டரில் என்னிடம் சண்டைக்கே வந்துவிடுவார்கள்.

கல்லீரல் மாற்றில் அறுவை மேசையில் என்னதான் நடக்கிறது?

மூன்று கட்டமாகப் பிரித்துப் பார்த்தால் புரியும்.

முதல் கட்டம், பழைய கல்லீரலைப் பிரித்தெடுப்பது. அதைச் சுற்றி வீங்கிப்போன சிரைகள் நிறைய இருக்கும், அழுத்தமும் அதிகம். இங்கே போவது பெரும்பாலும் வெட்டினால் போகும் ரத்தம். முன்பெல்லாம் ஐ.என்.ஆர். எண்ணைச் சரிசெய்யப் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பை பையாக ஏற்றுவார்கள். அதனால் உடம்பில் நீர் கூடி, சிரைகளில் அழுத்தம் ஏறி, ரத்தம் இன்னும் போகும். இப்போது எண்ணுக்காக ஏற்றுவதில்லை, கசிவு இருந்தால்தான் ஏற்றுகிறார்கள்.

இரண்டாவது கட்டத்தில் உடம்பில் கல்லீரலே இல்லை. பழையது வெளியே வந்துவிட்டது, புதியதைத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்டான உறைவைக் கரைக்கும் டி.பி.ஏ. என்ற பொருள் நம் ரத்தத்தில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அதை அகற்றும் வேலை கல்லீரலுடையது. கல்லீரல் இல்லாத அந்த நேரத்தில் அது சேர்ந்துகொண்டே போய், உண்டான உறைவெல்லாம் கரைய ஆரம்பிக்கும்.

மூன்றாவது, கவ்விகளைத் திறந்து புதுக் கல்லீரலுக்குள் ரத்தத்தை விடும் நேரம். அதுவரை ஐஸில் இருந்த உறுப்பு அது. குளிர்ந்த ரத்தம், அமிலம், பொட்டாசியம், கொடையாளருக்குப் போட்ட, உறைவைத் தடுக்கும் ஹெபாரின் மருந்தின் மிச்சம், எல்லாம் ஒரே நேரத்தில் நோயாளியின் உடம்புக்குள் வரும். உறைவு கரைவது பெரும்பாலும் இங்கேதான் உச்சத்துக்குப் போகும். சில நோயாளிகளுக்கு இதே கட்டத்தில் நேர்மாறாக இருதயத்துக்குள்ளேயே கட்டி உண்டாகும். அரிதுதான், ஆனால் உயிரை எடுக்கும். கரைவதைத் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடத் தயங்குவது இதற்காகத்தான்.

இந்தப் பாடத்தைக் கற்க மருத்துவம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1963இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்ஸல் உலகின் முதல் மனிதக் கல்லீரல் மாற்றைச் செய்தார். நோயாளி ஒரு குழந்தை. ரத்தம் நிற்காமல் மேசையிலேயே இறந்தது. அடுத்தடுத்த நோயாளிகளுக்கு உறைய வைக்கும் மருந்துகளைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். ரத்தம் நின்றது, ஆனால் கட்டிகள் நுரையீரலுக்குப் போய்விட்டன. முதலாமவருக்கு ஒரு பக்கம் தவறியது, அடுத்தவர்களுக்கு மறுபக்கம்.

ஆபரேஷன் நடக்கும்போதே உறைவை அளக்க முடியுமா?

முடியும். சாதாரண உறைவுப் பரிசோதனை லேபுக்குப் போய் வர முக்கால் மணி, ஒரு மணி ஆகலாம். அந்த நேரத்துக்குள் நோயாளியின் நிலை வேறாகிவிடும். அதனால் பல பெரிய மையங்களில் டி.இ.ஜி. அல்லது ரோட்டெம் என்ற கருவியை அறுவை அறையிலோ பக்கத்திலோ வைத்துக்கொள்கிறார்கள்.

பழைய வகைக் கருவியில் வேலை நடப்பது கண்ணுக்கே தெரியும். சுண்டுவிரல் நுனி அளவுக் கிண்ணம். அதில் அரை மில்லிக்கும் குறைவான ரத்தம், 37 டிகிரி சூட்டில். கிண்ணம் இடமும் வலமும் மெதுவாக ஆடும், நடுவில் ஒரு ஊசி தொங்கும். ரத்தம் நீராக இருக்கும்வரை ஊசி அசையாது, திரையில் ஒற்றைக் கோடுதான். உறைய ஆரம்பித்ததும் உறைவைக் கட்டும் ஃபைப்ரின் இழைகள் ஊசியைப் பிடித்து இழுக்கும். கோடு இரண்டாகப் பிரிந்து உண்டிவில்லின் கவட்டை மாதிரி விரியும். பிரியவே நேரமானால் பிளாஸ்மா தேவைப்படலாம். பிரிந்தும் ஒடுக்கமாகவே இருந்தால் ஃபைப்ரினாக மாறும் ஃபைப்ரினோஜனோ தட்டணுவோ குறைவு. விரிந்த கோடுகள் சீக்கிரமே மறுபடி ஒன்றாகக் குவிந்தால் உறைவு கரைகிறது, டிரானெக்சாமிக் அமிலத்தை எடுக்கலாம். கோடு வேகமாகப் பிரிந்து அகலமாக விரிந்தால் இந்த ஆள் கட்டி போடக்கூடியவர், கையைக் கட்டிக்கொண்டு இருப்பதே நல்லது.

1948இல் ஜெர்மனியில் ஹார்ட்டெர்ட் என்பவர் இந்த முறையை வெளியிட்டார். நீண்ட காலம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1980களில் பிட்ஸ்பர்க் மயக்க மருத்துவர்கள் இதைக் கல்லீரல் மாற்று அறையில் வைத்து, பார்த்துப் பார்த்து ரத்தம் ஏற்றியபோது ஏற்றும் அளவே குறைந்தது.

கருவி மட்டும் போதாது. நோயாளியின் உடம்புச் சூடு இறங்கினால் உறைவு நொதிகள் சோம்பிவிடும். ரத்தப் பைகளில் இருக்கும் சிட்ரேட் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது. சூடான காற்றுப் போர்வையும் கால்சிய ஊசியும் விலை மலிவானவை. ஆனால் அவற்றை விட்டுவிட்டு விலை உயர்ந்த காரணிகளை ஏற்றினால் பலன் இருக்காது.

சிறுநீரக மாற்று சின்ன ஆபரேஷன்தானே? அதிலும் கட்டி வருமா?

கல்லீரலோடு பார்த்தால் ரத்த இழப்பு குறைவுதான். நம் நாட்டில் முதல் சிறுநீரக மாற்று 1975இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் நடந்தது, அனுபவம் நிறையச் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் புதுச் சிறுநீரகம் வீணாகும் காரணங்களில் தமனியோ சிரையோ அடைத்துக்கொள்வது முக்கியமான ஒன்று. நூற்றில் ஒருவர் முதல் சிலர் வரை என்று கணக்கு சொல்கிறார்கள். எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் நடந்துவிட்டால் உறுப்பைக் காப்பாற்றுவது மிகக் கடினம். புதுச் சிறுநீரகத்துக்கு மாற்றுவழி ரத்த ஓட்டம் கிடையாது. தைத்த அந்த ஒரு பாதைதான்.

அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், காலுக்குப் போகும் பெரிய குழாய்களோடு இணைத்து வைப்பார்கள். வார்டில் மிஸ்ஸி (நர்ஸ்) ஒவ்வொரு மணி நேரமும் சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பார்த்து அட்டையில் குறிப்பதைக் கவனித்திருப்பீர்கள். மணிக்கு 200 மில்லி போய்க்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று 10 மில்லி ஆகிவிட்டால் அதுதான் முதல் அபாய மணி. வடிகுழாய்க்குள் கட்டி சிக்கியிருக்கிறதா என்று முதலில் நீர் விட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் உடனே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். சிரை அடைத்தால் தைத்த பக்கம் வீங்கி வலிக்கும், சிறுநீர் சிவப்பாக வரலாம். தமனி அடைத்தால் வலியே இல்லாமல் சிறுநீர் மட்டும் நின்றுவிடலாம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இறந்தவரிடமிருந்து வந்த சிறுநீரகம் சில நாள் தூங்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும், அதுவரை டயாலிசிஸ் தொடரும். முதல் நாளிலிருந்தே சிறுநீர் வராமல் இருப்பதை வைத்துக் கட்டி என்று முடிவு கட்ட முடியாது. ஸ்கேனில் ரத்தம் ஓடுவது தெரிந்தால் நிம்மதியாகக் காத்திருக்கலாம்.

டயாலிசிஸில் ஹெபாரின் போடுகிறார்களே, அது ஆபரேஷனுக்கு ஆபத்தில்லையா?

ஹெபாரினின் வேகம் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். அவசரமென்றால் முறிக்க புரோட்டமின் இருக்கிறது. அறுவைக்கு முந்தைய டயாலிசிஸை ஹெபாரின் இல்லாமலோ மிகக் குறைத்தோ செய்வார்கள். அந்த டயாலிசிஸ் எதற்கென்றால், யூரியா தேங்கிய ரத்தத்தில் தட்டணுக்கள் எண்ணிக்கையில் சரியாக இருந்தும் ஒட்டாது. கழுவிவிட்டால் கொஞ்சம் தேறும்.

டயாலிசிஸுக்காகக் கையில் குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா உங்களுக்கு எத்தனை முறை அடைத்துக்கொண்டது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஒருமுறை அடைத்தால் குழாயின் குறையாக இருக்கலாம். திரும்பத் திரும்ப அடைத்தால் ரத்தத்திலேயே ஏதோ இருக்கலாம்.

குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கட்டி வந்திருந்தால் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். அம்மாவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு கால் வீங்கியது, சித்தப்பா நாற்பது வயதுக்குள் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்துப் போய்விட்டார் என்பதெல்லாம் இங்கே குடும்பக் கதையில்லை, மருத்துவத் தகவல். பெண்கள் கரு கலைந்த விவரத்தைச் சொல்லக் கூச்சப்படுவார்கள், அதுவும் கூட வந்திருப்பவர் மாமியார் என்றால். தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டரிடம் கேட்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோயால் சிறுநீரகம் கெட்டவர்களில் சிலருக்கு ஆன்டிபாஸ்ஃபோலிப்பிட் என்ற எதிர்ப்பொருள் இருக்கும். திரும்பத் திரும்பக் கரு கலைவது அதன் அடையாளங்களில் ஒன்று. அது இருப்பது தெரியாமல் மாற்று செய்தால் புதுச் சிறுநீரகம் அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு மிக அதிகம். தெரிந்தால் ஹெபாரினைத் திட்டமிட்டு ஆரம்பித்துவிடுவார்கள்.

இணையத்தில் படித்துவிட்டு, ரத்தம் எளிதில் உறையும் பரம்பரைக் கோளாறான ஃபாக்டர் ஃபைவ் லெய்டனுக்குப் பரிசோதனை வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. அது ஐரோப்பியரிடம் அதிகம், ஆசியர்களிடம் குறைவு. நம் பக்கத்தில் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் குறைபாட்டைத் தேடுவதில்தான் கூடுதல் பயன்.

வார்ஃபரின், கார்டிப்ரின் (சின்ன அளவு ஆஸ்பிரின்), குளோபிடோக்ரல் எல்லாம் சாப்பிடுகிறேன். எப்போது நிறுத்துவது?

நீங்களாக எப்போதும் நிறுத்தக் கூடாது. இருதயத்தில் புதிதாக ஸ்டென்ட் வைத்தவர் குளோபிடோக்ரலைத் தானாக நிறுத்தினால் அறுவைக்கு முன்பே மாரடைப்பு வரலாம்.

உறவினர் தானம் செய்கிறார், தேதி குறித்தாகிவிட்டது என்றால் எளிது. வழக்கமாக வார்ஃபரினை ஐந்து நாள் முன்பும், குளோபிடோக்ரலை ஐந்து முதல் ஏழு நாள் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். அபிக்ஸபான், ரிவரோக்ஸபான் போன்றவற்றுக்கு இரண்டு மூன்று நாள், சிறுநீரகம் கெட்டவருக்கு இன்னும் கூட. சின்ன அளவு ஆஸ்பிரினைப் பல மையங்கள் நிறுத்துவதே இல்லை.

இறந்தவரின் உறுப்புக்குக் காத்திருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வரும். அந்தப் போனிலேயே மருந்தின் பெயரையும் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் சொல்லுங்கள். வார்ஃபரினுக்கு வைட்டமின் கே ஊசி உண்டு, வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும். அவசரத்துக்கு உறைவுக் காரணிகள் அடங்கிய செறிவு மருந்து நிமிடக் கணக்கில் வேலை செய்யும். குளோபிடோக்ரலுக்கு முறிமருந்தே இல்லை. அதனால் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும்போது வேறு டாக்டர் யாராவது ரத்தம் நீர்க்கும் மருந்து புதிதாக எழுதினால், சாப்பிடும் முன்போ அதே நாளிலோ மாற்று மையத்துக்குச் சொல்லிவிடுங்கள். மருந்துகளின் பெயரைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருப்பது நல்லது. "வெள்ளையா, வட்டமா ஒரு மாத்திரை" என்று சொன்னால் என்னாலும் கண்டுபிடிக்க முடியாது.

நாட்டு மருந்து, சப்ளிமென்ட் எல்லாம் மருந்துக் கணக்கில் வருமா?

வரும். எனக்கு அதிகத் தலைவலி தருவதே இவைதான். மீன் எண்ணெய், பூண்டு கேப்சூல், கருஞ்சீரக எண்ணெய், மஞ்சள் கேப்சூல், கிங்கோ ஆகியவை தட்டணுக்களின் வேலையையோ வார்ஃபரினின் வேகத்தையோ கூட்டிக் குறைக்கக்கூடியவை. ரசத்தில் போடும் பூண்டும் குழம்பில் போடும் மஞ்சளும் பிரச்சினையில்லை. பாட்டிலில் அடைத்துத் தினம் மூன்று வேளை விழுங்கும் செறிவுதான் பிரச்சினை. அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம்.

கீழாநெல்லியும் பூனை மீசையும் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருப்பார். உறுப்பு மாற்றும் நிலைக்கு வந்த பிறகு அவற்றால் ஆகப்போவது ஒன்றுமில்லை, மற்ற மருந்துகளோடு மோதலாம்.

அடுத்து, கிளினிக்கில் சாதாரணமாகத் தரும் பொன்ஸ்தான், வோல்டரன். மூட்டுவலி, பல்வலி என்று கேட்டால் நம் ஊரில் இவைதான் முதலில் வரும். இவை தட்டணுக்களையும் கெடுக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். மாற்றுக்கு முன்னும் பின்னும் வலிக்குப் பாரசிட்டமால் மட்டும், மற்றது கேட்டுவிட்டு.

ஹெபாரின் பன்றியிலிருந்து எடுப்பதாமே?

ஆமாம், இப்போது புழக்கத்தில் இருக்கும் ஹெபாரினில் பெரும்பாலானது பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுப்பதுதான். பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களும், சைவ உணவுக்காரர்களும் இதைத் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தயங்க வேண்டியதில்லை, கேட்க வேண்டிய கேள்விதான். மாற்று மருந்து இருக்கும்போது ஹெபாரின் வகையைச் சேர்ந்த குளெக்ஸேன், ஃபிராக்ஸிபரின் ஊசிகளைப் பயன்படுத்தலாகாது என்று மலேசிய தேசிய ஃபத்வா குழு 2009இல் சொன்னது. மாற்றாகச் சொல்லப்பட்ட ஃபோண்டபாரினக்ஸ் முழுக்க ரசாயன முறையில் செய்வது.

சிக்கல் எங்கே என்றால், அந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் வேலை செய்யாதவர் உடம்பில் அது தேங்கிவிடும், முறிமருந்தும் கிடையாது. சீக்கிரம் இறங்கக்கூடிய, முறிக்கக்கூடிய ஹெபாரினுக்கு அறுவை அறையில் ஈடு சொல்வது கடினம். மாற்றில்லாத நெருக்கடிக்கு மார்க்கத்தில் இடமுண்டு என்பார்கள் ஆலிம்கள். காத்திருக்கும் மாதங்களிலேயே அவர்களிடமும் டாக்டரிடமும் கேட்டு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிப் போனுக்குப் பிறகு இதைப் பேச நேரம் இருக்காது.

இறந்தவரின் உறுப்புக்குள் ரத்தம் உறைந்திருக்காதா?

உறுப்பை எடுக்கும் முன், ரத்த ஓட்டம் நிற்கும் முன்பே ஹெபாரின் செலுத்திவிடுவார்கள். பிறகு குளிர்ந்த பாதுகாப்புத் திரவத்தால் உள்ளே இருக்கும் ரத்தத்தை அலசி வெளியேற்றுவார்கள்.

எங்கள் அண்ணனுக்கு ஆபரேஷன். நாங்கள் எல்லோரும் வந்து ரத்தம் கொடுக்கிறோமே?

நல்ல மனசு, ஆனால் அந்த ரத்தம் அண்ணனுக்கு என்று வேண்டாம். சிறுநீரகம் கொடுக்கப்போகும் தம்பியின் ரத்தத்தை முன்கூட்டியே அண்ணனுக்கு ஏற்றினால், அதற்கு எதிராக அண்ணன் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கலாம். பிறகு தம்பியின் சிறுநீரகமே பொருந்தாமல் போகும். யாருடைய ரத்தமானாலும் காத்திருப்பவருக்கு முடிந்தவரை ஏற்றாமல் இருக்கப் பார்ப்பது இதனால்தான். தவிர்க்க முடியாதபோது வெள்ளணுக்களை வடிகட்டிய ரத்தம் தருவார்கள். நீங்கள் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய ரத்த மையத்துக்குப் போய்ப் பொதுவாகக் கொடுங்கள். கல்லீரல் மாற்றுக்குப் பிளாஸ்மா, தட்டணு, கிரையோ (பிளாஸ்மாவிலிருந்து பிரித்த உறைவுப் புரதங்கள்) எல்லாம் வேண்டியிருக்கும், அவை எங்கிருந்தோ வந்தாக வேண்டுமே.

தானம் செய்பவருக்கு ஆபத்து உண்டா?

உண்டு, சிறியது. சிறுநீரகம் தந்தவர்களில் அறுவை தொடர்பாக இறப்பவர்கள் பத்தாயிரத்தில் மூன்று பேர் அளவு என்று 2009 வரையிலான அமெரிக்கக் கணக்கு சொன்னது, அண்மைக் கணக்கில் அது ஒருவர் அளவு. கல்லீரலில் பாதியைத் தருபவருக்கு அதைவிடக் கூடுதல். காரணங்களில் ஒன்று காலில் உண்டாகி நுரையீரலுக்குப் போகும் கட்டி. ஆரோக்கியமானவரின் ரத்தம் நன்றாக உறையும், அதுதான் விஷயம். புகைப்பதை விட வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் நாலு வாரம் முன்பே டாக்டரிடம் பேசி வேறு வழிக்கு மாற வேண்டும். நோயாளியைப் பார்க்க ஓடுகிற குடும்பம், பக்கத்து வார்டில் படுத்திருக்கும் கொடையாளரைப் பிடித்து நடக்க வைக்கவும் ஒரு ஆளை அனுப்ப வேண்டும்.

புதுக் கல்லீரலுக்கு அப்புறம் எதற்கு அடிக்கடி ஸ்கேன்?

கல்லீரல் தமனியில் ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க. அது சில மில்லிமீட்டர் அகலக் குழாய். அடைத்தால் கல்லீரல் மட்டுமில்லை, பித்தக் குழாயும் கெடும், ஏனென்றால் மாற்றுக் கல்லீரலில் பித்தக் குழாய்க்கு ரத்தம் அந்தத் தமனி வழியாகத்தான் வருகிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் திறந்து சரிசெய்யப் பார்க்கலாம், தாமதமானால் இன்னொரு கல்லீரல் தேட வேண்டியதாகலாம். குழந்தைகளுக்குக் குழாய் இன்னும் சின்னது, ஆபத்தும் கூடுதல். பல இடங்களில் தட்டணு ஓரளவு ஏறியதும் சின்ன அளவு ஆஸ்பிரின் ஆரம்பிப்பார்கள்.

இருதய மாற்று?

அதில் இருதய நுரையீரல் இயந்திரத்தோடு இணைக்கும் முன் முழு அளவு ஹெபாரின் கொடுத்து, முடிந்ததும் புரோட்டமினால் முறித்துவிடுவார்கள். தேசிய இருதயக் கழகத்தில் 1997இலிருந்து நடக்கிறது. இருதயத்துக்கு உதவும் பம்ப் பொருத்திக் காத்திருப்பவர்கள் வார்ஃபரினில் இருப்பார்கள், அதை அவசரமாக முறித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இவர்களுக்கு ரத்தப்போக்குதான் பெரிய கவலை.

உறுப்பை ஏற்க வைக்கும் மருந்துகளே ரத்தக்கட்டி போடுமா?

டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இரண்டும் அரிதாகச் சின்னச் சின்னக் குழாய்களுக்குள் உறைவை உண்டாக்கும். தட்டணு இறங்கி, சிறுநீரகம் வேலை செய்யும் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறினால் டாக்டர் அதைச் சந்தேகிப்பார். எவரோலிமஸுக்குச் சிறுநீரக மாற்றில் முதல் 30 நாள் குழாய் அடைப்பு எச்சரிக்கையும், சிரோலிமஸுக்குக் கல்லீரல் தமனி அடைப்பு எச்சரிக்கையும் மருந்துத் தாளிலேயே உண்டு. பம்பளிமாஸ், கிரேப்ஃபுரூட் இரண்டும் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடக்கூடியவை. ஈப்போ பக்கம் போய்வரும் சொந்தக்காரர்கள் அன்போடு பம்பளிமாஸ் வாங்கி வருவார்கள், வீட்டில் மற்றவர்கள் சாப்பிடட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு எதற்கெல்லாம் ஓட வேண்டும்?

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், வாய் கோணுதல் என்றால் 999. கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கினால், சிறுநீர் திடீரென்று குறைந்தால், புது உறுப்பு இருக்கும் இடம் வலித்தால், மலம் தார்போல் கறுத்தால் அன்றே மாற்று மையத்துக்குப் போன். சிறுநீரகம் வைத்த பக்கத்துக் கால் கொஞ்சம் வீங்குவது சிலருக்கு நிணநீர் தேங்குவதாலும் வரும், அதையும் ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஹெபாரின் ஊசி ஆரம்பித்து ஐந்து முதல் பத்து நாளுக்குள் தட்டணு பாதியாக இறங்கினால் அது ஹெபாரினுக்கே உடம்பு காட்டும் எதிர்ப்பாக இருக்கலாம். அப்போது ரத்தம் கசிவதைவிடக் கட்டி வருவதுதான் நடக்கும். ஊசி முடியும்வரை ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் போய்விடுங்கள்.

தைப்பூசத்துக்கு வேண்டுதல் இருக்கிறது. அலகு குத்தலாமா?

வேண்டாம். உறுப்பு மாற்று மருந்து சாப்பிடுபவருக்குக் கிருமி எளிதில் தொற்றும். வார்ஃபரினும் சேர்ந்து சாப்பிட்டால் ரத்தமும் நிற்காது. இதில் நடுவழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. காவடி வேண்டுதலைப் பால்குடமாக மாற்றிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். பத்துமலையின் 272 படிகளை ஏற டாக்டர் சம்மதித்தால் ஏறலாம், கூட்டம் குறைந்த நாளில் போவது இன்னும் நல்லது. முடி காணிக்கை என்றால் புது பிளேடு, அதுவும் வார்ஃபரின் இல்லாதவருக்கு. வெள்ளி ரதத்தோடு ராத்திரி முழுக்க நடப்பது வேண்டாம். வியர்த்து நீர் வற்றினால் கிரியாட்டினினும் ஏறும், ரத்தமும் உறையப் பார்க்கும்.

விரதம் பற்றி யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். நம்மில் பலர் தைப்பூசத்துக்கு முன் வாரக்கணக்கில் சைவத்துக்கு மாறுவோம். கோழி, மீன் இருந்த இடத்தில் கீரையும், கைலான், சாவி (sawi) போன்ற இலைக்காய்கறிகளும் வந்து உட்காரும். அவற்றில் வைட்டமின் கே அதிகம். வார்ஃபரின் அதே அளவுதான் சாப்பிடுவீர்கள், ஐ.என்.ஆர். மட்டும் இறங்கிவிடும். கீரையை விட வேண்டியதில்லை. விரதம் தொடங்கும் முன் வார்ஃபரின் கிளினிக்கில் சொல்லி, ஒரு வாரத்தில் ஒரு பரிசோதனை கேட்டு வாங்குங்கள். விரதம் முடிந்து பழைய சாப்பாட்டுக்குத் திரும்பும்போதும் அதே மாதிரி, ஏனென்றால் அப்போது ஐ.என்.ஆர். ஏறும்.

சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போக வேண்டும். பறக்கலாமா?

முதல் சில மாதம் பொதுவாக வேண்டாம் என்பார்கள், அப்புறம் டாக்டர் சொல்வதைப் பொறுத்தது. நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே போகும் பயணத்தில் காலில் கட்டி வரும் வாய்ப்பு கூடுகிறது. சென்னை விமானம் ஏறக்குறைய அந்த நாலு மணி நேரம்தான். பினாங்குக்குப் பஸ்ஸில் போனால் அதைவிடக் கூட ஆகும், அதை யாரும் பயணமாகவே நினைப்பதில்லை. ஓர இருக்கை கேளுங்கள், மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். அழுத்தக் காலுறை டாக்டர் சொன்னால் மட்டும்.

மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடலாம். பெயரும் அளவும் எழுதிய டாக்டர் கடிதம் ஒன்று கூட இருக்கட்டும். வார்ஃபரின் இரண்டு மணி நேரம் முன்பின் ஆனால் பரவாயில்லை. டாக்ரோலிமஸ் அப்படியில்லை, 12 மணி நேர இடைவெளி வேண்டும். இங்கே காலை 8 மணி என்பது சென்னையில் 5.30. சில நாள் பயணம்தான் என்றால் கைப்பேசியில் மலேசிய நேரத்துக்கே அலாரம் வைத்து, மாலை வேளையை அங்கே 5.30க்குச் சாப்பிடுங்கள். முகூர்த்தம் அதிகாலையில் இருந்தாலும் காலை மாத்திரை தவறாது.